முத்திரை உடைந்த பிளொப்பிகள்

கொம்பியூட்டர்ப் புரோகிராம் பரீட்சையை இனிக் காகிதத்தில் வைக்கமாட்டோம், திரையில்தான் வைப்போம் என்று கொழும்பிலிருந்த பரீட்சைச் சபை அறிவித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழு கொம்பியூட்டர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று எழும்பாது. இன்னொன்று எழும்பும், ஆனால் எழுத்துகள் திரையில் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கும்.

அது 1986. நான் வலிகாமத்தில் ஒரு மிஷன் பெண்கள் பாடசாலையில் கணித ஆசிரியை. வெளிநாட்டிலிருந்த பழைய மாணவிகள் அனுப்பிய பெட்டிகளைத் திறந்த நாளிலிருந்து கொம்பியூட்டர் ஆசிரியையும் நான்தான். இப்போது ஆய்வுகூடம் நடத்தும் இளம் ஆசிரியர்கள் அந்த நாள்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்கிறார்கள். பழைய இயந்திரங்களைப் பற்றிய சிரிப்பான கதை ஒன்றை எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஒன்று என்னிடம் இல்லை.

கலியாண வீட்டு வெளிச்சம்

அதுவரை பிள்ளைகள் பேசிக் (BASIC) மொழிப் புரோகிராமைப் பென்சிலால் தாளில் எழுதுவார்கள். கொழும்பில் யாரோ படித்துப் பார்த்துப் புள்ளி போடுவார். புதிய முறையில், பரீட்சார்த்தி திரையில் எழுதி, ஓட்டிக் காட்டி, பிளொப்பி என்ற மெல்லிய காந்தத் தட்டில் பதிந்து கொடுக்க வேண்டும். வசதியில்லாத பாடசாலைகள் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பலாம் என்றார்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எந்தத் தாய் தகப்பன் பெண்பிள்ளையைப் பரீட்சைக்கென்று கொழும்புக்கு அனுப்புவார்கள்?

அதிபர் என்னைக் கூப்பிட்டார். "ரீச்சர், நாங்களே பரீட்சை நிலையமாக வேணும். என்ன தேவையெண்டு சொல்லுங்கோ, நான் ஆக்களைப் பிடிச்சுத் தாறன்."

ஆறு பிள்ளைகளுக்கு ஆறு கொம்பியூட்டர் தேவை. இடையில் நிற்காத கரண்ட் தேவை. ஒருத்தியின் திரை மற்றவளுக்குத் தெரியாமல் தடுப்பு தேவை. தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கழற்றித் தடுப்பு அடித்தோம். எழும்பாத கொம்பியூட்டரின் பாகங்களை எடுத்து உருளும் திரையைச் சரிப்படுத்தினேன். கை விரலில் சூடுபட்ட அடையாளம் இன்னமும் இருக்கிறது.

கரண்ட்தான் பெரிய பிரச்சினை. அது நினைத்த நேரம் வரும், நினைத்த நேரம் போகும். கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் நடராசா அண்ணை தன் ஜெனரேற்றரைக் கொண்டுவந்து இறக்கினார். ஸ்ராட் பண்ணிய உடனேயே இரண்டு திரைகள் சுருங்கி விரிந்தன.

"பல்ப்புக்குக் காணும் ரீச்சர். உங்கடை பெட்டியளுக்குத்தான் உது சரிவராது போல."

நான் வோல்ற்றேஜை அளந்து பார்த்தேன். பாரம் குறைவாக இருக்கும்போதுதான் அது துள்ளியது. பாரத்தைக் கூட்டினால் நிதானமாக நின்றது. "அண்ணை, உங்கடை கலியாண பல்ப் மாலையெல்லாத்தையும் கொண்டுவந்து கொழுவுங்கோ" என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ஆனால் கொண்டுவந்தார். பட்டப்பகலில் விறாந்தை முழுவதும் சிவப்பும் பச்சையுமாகப் பல்ப்புகள் எரிய, உள்ளே திரைகள் அசையாமல் நின்றன. றோட்டால் போனவர்கள் யாருக்குக் கலியாணம் என்று கேட்டார்கள்.

ஒன்றும் எல்லும்

ஆறு பேரில் கெட்டிக்காரி யசோதரா. தகப்பன் கீரிமலைப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். பல்கலைக்கழகத்துக்கு இரண்டு முறை முயன்று, வெட்டுப்புள்ளியில் தவறியவள். இந்தச் சான்றிதழ் கிடைத்தால் வங்கியொன்றின் கொம்பியூட்டர்ப் பிரிவில் சேரலாம் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். தாளில் அவள் எழுதும் புரோகிராமில் ஒரு வரி கூட வீணாக இருக்காது. கீபோர்டில் இருத்தினால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பாள்.

எல்லோருக்கும் பழகக் கொம்பியூட்டர் நேரம் போதாது. அதனால் வர்த்தக வகுப்பின் தட்டச்சு இயந்திரங்களில் விரல் பழகவிட்டேன். ஒரு வாரத்தில் வேகம் வந்தது. பிறகு கொம்பியூட்டர் முன்னால் இருத்தினால், யசோதராவின் ஒவ்வொரு வரிக்கும் பிழை என்று வந்தது. அவள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள்.

"ரீச்சர், நான் எழுதினது சரிதானே? வாசிச்சுப் பாருங்கோ. இது ஏன் என்ரையை எடுக்குதில்லை?"

கிட்டப்போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. எங்கள் பழைய தட்டச்சு இயந்திரங்களில் 1 என்ற இலக்கத்துக்குக் கட்டையே கிடையாது. ஆங்கிலச் சின்ன எல் (l) எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்பது வழக்கம். புரோகிராமின் வரி இலக்கங்களிலெல்லாம் யசோதரா அதையே அடித்திருந்தாள். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கொம்பியூட்டருக்கு இல்லை. சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பிழையைச் செய்யவே இல்லை.

பரீட்சை நாள்

மேற்பார்வைக்குக் கொழும்பிலிருந்து விஜேரத்ன என்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பஸ் மாறி மாறி வந்து களைத்திருந்தார். ஒவ்வொரு திரைக்கும் முன்னால் அமர்ந்து பார்த்தார், தடுப்புகளை ஆட்டிப் பார்த்தார், விறாந்தைப் பல்ப்புகளுக்குக் காரணம் கேட்டார். நான் சொன்னதும் சத்தமாகச் சிரித்து, "கொழும்பில் கூட இப்படி ஒரு நிலையம் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கேள்வி பஸ் நேர அட்டவணை பற்றியது. நேரத்தைக் கொடுத்தால் அடுத்த பஸ் எப்போது என்று புரோகிராம் சொல்ல வேண்டும். நடுவில் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் ஷெல் விழும் சத்தம் கேட்டது. விஜேரத்ன யன்னலைப் பார்த்தார். பிள்ளைகள் ஒருவரும் தலை நிமிரவில்லை.

விதிப்படி ஒவ்வொருத்தியும் இரண்டு பிளொப்பியில் பதிந்தாள். ஒரு தொகுதி கொழும்புக்கு. மற்றது, முதலாவது பழுதானால் பாவிக்க, எங்கள் அலுமாரியில். இரண்டு உறையையும் அரக்கு வைத்து முத்திரையிட்டு, அவரும் நானும் கையெழுத்து வைத்தோம். அவர் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பிள்ளைகள் நடராசா அண்ணை வாங்கித் தந்த சோடாவைக் குடித்துக்கொண்டு விடைகளை ஒப்பிட்டார்கள். அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஜீப்பின் பொனட்

நடந்ததை விஜேரத்னவே தொலைபேசியில் சொன்னார். வழியில் ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அவருடைய பையில் முத்திரையிட்ட உறை. அதை வெட்டிக் கறுப்புச் சதுரங்களைக் கண்டதும் இதற்குள் என்ன செய்தி இருக்கிறது என்று கேட்டார்கள். அவர் சிங்களத்தில், தன் ஆட்களிடம், இது பிள்ளைகளின் பரீட்சை என்று மன்றாடியிருக்கிறார். பிளொப்பிகளை ஜீப்பின் பொனட்டில் பரப்பிவிட்டு, மேலதிகாரி வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். மேலதிகாரி வந்து, எடுத்துக்கொண்டு போ என்றபோது வெயிலில் அவை அப்பளம் போல் நெளிந்திருந்தன.

"நான் உண்மையை அப்படியே அறிக்கையில் எழுதினேன்" என்றார் விஜேரத்ன. "உங்களிடம் இரண்டாவது தொகுதி இருக்கிறது. அதனால் பயமில்லை."

அவர் நேர்மையான மனிதர். அந்த அறிக்கைதான் எங்களை விழுத்தியது. முத்திரை உடைந்ததால் முழுப் பரீட்சையும் செல்லாது என்று சபை முடிவெடுத்தது.

அதிபரிடம் ஓடினேன். "ரீச்சர், நிலையம் எங்களுக்குத்தானே தந்தவை. இதைப் பெரிசாக்கினால் அதையும் பறிச்சுப்போடுவினம். அடுத்த முறை பாப்பம்" என்றார்.

"அடுத்த முறை இந்தப் பிள்ளையளுக்கு வேலைக்கு எடுக்கிற வயது தாண்டிப்போம் சேர்."



கொழும்பில்

இரண்டாவது உறையை நானே கொண்டு போனேன். அதே சோதனைச்சாவடியில் அன்று என் பையைத் திறக்கச் சொல்லவே இல்லை. கையை ஆட்டிப் போ என்றார்கள்.

சபையில் என்னைச் சந்தித்த அதிகாரி தில்லைநாதன், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் கதைத்தார்.

"ரீச்சர், முதலாவது பிளொப்பி இங்கை வந்து பழுதாயிருந்தால் இரண்டாவதை எடுக்கலாம். வழியிலை முத்திரை உடைஞ்சால் பரீட்சையே இல்லை. அதுதான் விதி."

"உடைச்சது பிள்ளையளோ? இந்த முத்திரை உடையேல்லைத்தானே. பாருங்கோ."

"எனக்குத் தெரியுது. ஆனா நான் ஆரெண்டும் இங்கை எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்கு இவன் விதியை வளைச்சவன் எண்டு ஒரு சொல் வந்தால், நான் இந்தக் கதிரையிலை இருக்கேலாது. ஒரு சிங்களவர் இருந்திருந்தால் சில நேரம் செய்திருப்பார்."

"அப்ப முடிவு முடிவுதானோ?"

"ஓம்."

"போட்டாவது பாருங்கோ" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் உறையைப் பிரித்தார். மேலே இருந்தது யசோதராவின் பிளொப்பி. மேசைக்குப் பக்கத்திலிருந்த கொம்பியூட்டரில் போட்டு, காலை நேரமொன்றைக் கொடுத்தார். சரியான பஸ் வந்தது. மதியத்தைக் கொடுத்தார், வந்தது. பிறகு கடைசி பஸ்ஸும் போன பிந்திய நேரத்தைக் கொடுத்தார். பலர் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் அது. இன்றைக்கு இனி பஸ் இல்லை என்று திரையில் ஆங்கிலத்தில் விழுந்தது.

"நல்ல வடிவா எழுதியிருக்கிறா" என்றார். பிறகு பிளொப்பியை உருவி, என்னிடம் தந்தார். "கொழும்பிலை பரீட்சையைத் திரும்ப எடுக்க ஒழுங்கு செய்து தாறன். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கொழும்பில் சொந்தக்காரர் இருந்த இருவர் போனார்கள், சித்தியடைந்தார்கள். நான் துணைக்கு வருகிறேன் என்று கேட்டும் யசோதராவின் தகப்பன் சம்மதிக்கவில்லை. "ரீச்சர், வழியிலை பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் நீங்கள் என்ன செய்வியள்?" என்றார். அந்த வருடப் பரிசளிப்பு விழாவில், எங்கள் பாடசாலையில் திரைப் பரீட்சை சிறப்பாக நடந்தேறியது என்று அதிபர் வாசித்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

யசோதராவிடம் கொழும்பில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"போட்டுப் பாத்தவரோ?"

"பாத்தவர். ஓடினது. கடைசி பஸ்ஸுக்குப் பிறகும் குடுத்துப் பாத்தவர். நல்லா இருக்கெண்டு சொன்னவர்."

"அப்ப சரியெண்டு அவருக்குத் தெரியும்" என்றாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். கொம்பியூட்டர் அறைப் பக்கம் பிறகு வரவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றைந்தில் போருக்கு அஞ்சி ஊரே இடம்பெயர்ந்தபோது எந்தப் பக்கம் போனாள் என்று இன்றுவரை தெரியாது.

இளம் ஆசிரியர்களே, பணியில் நான் படித்ததைக் கேட்கிறீர்கள். மேசையை, கரண்டை, திரையை எல்லாம் ஒழுங்காக ஆயத்தம் செய்யுங்கள். அது உங்கள் வேலை. ஆனால் எல்லாம் ஒழுங்காகச் செய்தால் பலன் நிச்சயம் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். தெரியாதவர்கள் தட்டிப் பறித்தால் ஒரு பிள்ளை ஆறிக்கொள்ளும். தெரிந்த ஒருவர் பார்த்துப் பாராட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், அந்தப் பிள்ளைக்குச் சொல்ல எந்த ஆசிரியரிடமும் ஒரு சொல்லும் இருக்காது.