கூப்பிடாத நாற்பது நாள்

எனக்குச் சாமி நம்பிக்கை சுத்தமாகக் கிடையாது. கோயிலுக்கும் போகிறவள் இல்லை, சர்ச்சுக்கும் போகிறவள் இல்லை. இருந்தும் இந்த வருஷம், ஈஸ்டருக்கு முன்னால் கிறிஸ்தவர்கள் இருக்கும் நாற்பது நாள் தவக்கால விரதம் இருந்தேன். காரணம் என் செல்போன்.

போன மழைக்காலத்தில், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. பொழுது சாயும்வரை மணல்திட்டில் உட்கார்ந்திருந்து, வேறு படகில் ஏறி வந்து சேர்ந்தார். அவருக்கு அது அன்றோடு போயிற்று. எனக்குத்தான் போகவில்லை. அவர் ஏரியில் இறங்கினால் போதும், பொன்னேரியில் நான் வேலை செய்யும் தையல் கூடத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். எங்க இருக்க, காத்து எப்படி, எப்ப வருவ. எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடுவேன்.

ஒரு நாள் போனை எடுக்கப் போய்க் கையிலிருந்த வலை நழுவிவிட்டது. வீட்டுக்கு வந்து கத்தினார். "நீ கூப்டறத நிறுத்தலன்னா படக வித்துட்டு மீஞ்சூர்ல கம்பெனி வேலைக்குப் போயிடறேன். அப்புறம் நாள் முச்சூடும் போன காதுலயே வெச்சிக்கினு இரு."

நான் சும்மா இருப்பேனா? "போயேன், யாரு வேணான்னா?" என்றேன். ஆனால் உள்ளுக்குள் பயந்துவிட்டேன். தண்ணீரை விட்டுவிட்டால் அந்த மனுஷன் மனுஷனாகவே இருக்க மாட்டார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பக்கத்து மெஷின்காரி நெற்றியில் சாம்பலோடு வந்தாள். நாற்பது நாளைக்குப் பூவும் இல்லை, கறியும் இல்லை என்றாள்.

"சாமியே இல்லன்றவ இருந்தா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"சாமி வராது, மனசு அடங்கும்" என்று சிரித்தாள். "ஆனா எத வுட முடியலையோ அதத்தான் வுடணும்."

கறியை விடுவது எனக்கு ஒரு விஷயமா? மீன் இருக்கிறதே. பூவும் நான் வைப்பதில்லை. அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "ஈஸ்டர் வரிக்கும் நீ தண்ணில இருக்கசொல்ல கூப்ட மாட்டேன்."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்.

அடங்குவதா, மனசா? கை நமநமவென்றது. ரவிக்கைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன். போனை டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடினேன், திறந்தேன், மூடினேன். மேஸ்திரி ஏதோ கேட்க, அவர்மேல் எரிந்து விழுந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். சாயங்காலம் கரையில் அவர் தலை தெரிந்ததும் உயிர் வரும், உடனே கோபமும் வரும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் திடீரென்று காற்று திரும்பியது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் முள்செடியில் போய்த் தொங்கின. தெருவில் பெண்கள் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். ஒவ்வொருத்தி புருஷனும் எடுத்தான், கரையேறிவிட்டேன் என்றான். என் ஆள் மட்டும் தனியாகத் தெற்கே போயிருந்தார். விரதமாவது மண்ணாவது! கூப்பிட்டேன்.

அடுப்படியில் மணி அடித்தது.

அரிசி டிரம்மைத் திறந்தேன். அரிசிமேல் அவர் போன் கிடந்து அலறியது. திரையில் 'வீடு' என்று இருந்தது. அது நான்தான். அடப்பாவி! நான் கூப்பிட மாட்டேன் என்று நம்பி, தினமும் இதை இங்கே போட்டுவிட்டா போயிருக்கிறார்? என் விரதத்தில் தீயை வைக்க.

அந்தப் போனைப் பிடித்துக்கொண்டே கரைக்கு ஓடினேன். அங்கே உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இருட்டுகிற நேரத்தில் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் என் கையிலிருந்த போனையே பார்த்தார்.

"இத்தத்தான் தேடினேன்" என்றார். "படகு திரும்பவே மாட்டேன்னுது. டிரம்முல போட்டத மறந்து, உனுக்கு ஒரு வார்த்த சொல்லிடலாம்னு இடுப்பத் தடவிப் பார்த்தேன். இல்ல."

அழுதுவிட்டேன்.

மறுநாள் விடியலில் அவரே போனைப் பாலிதீன் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். "ஈஸ்டர் வரிக்கும் நீ கூப்டாத" என்றார். "நான் கூப்டறேன்."

மத்தியானம் மெஷின்மேல் போன் அடித்தது.

"இன்னா பண்ற?"

"உன்னத்தான் திட்டிக்கினு இருக்கேன்" என்றேன்.