ஹக்கீம் பாய் எடுத்த சீட்டு

செய்தி வந்தபோது நான் ஹக்கீம் பாயோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு, ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்ல வேண்டிய பதில்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். இந்த முறை அவர் வாயடைத்துப் போவார் என்று நிச்சயமாக நம்பினேன். அப்போது அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய மகன்.

"சார், வாப்பா மௌத்தாயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஊருக்குக் கொண்டு போறோம். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். ஏழு மாதமாக ஒரு படத்துக்காக என் உயிரை வாங்கிய மனிதர், நான் சரியான பதிலோடு கிளம்பும் வாரத்தில் இப்படிச் செய்யலாமா? இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றிப் பூசி மெழுகி எழுதினால் அவருக்கே பிடிக்காது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹக்கீம் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். இருபது வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி, தஞ்சாவூரில் மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கும் கடை வைத்தார். நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டு மிக்ஸிதான் எங்களைச் சேர்த்து வைத்தது. அதில் அவர் ஒட்டியிருந்த சீட்டு இன்னும் நினைவிருக்கிறது. குண்டு குண்டான எழுத்தில், "இன்ஜினியர் சார் மிக்ஸி. கார்பன் தேய்ந்தது. அவசரப்படுகிறார்" என்று எழுதியிருந்தார். கடைசி வார்த்தை மிக்ஸியைப் பற்றியது இல்லை.

கடைக்கு மேலே ஒரு காலி அறை இருந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த ப்ரொஜெக்டரும் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழெட்டுப் பேர் கூடிப் படம் பார்ப்போம். அவர் வெள்ளை வேட்டி ஒன்றைத் துவைத்து இஸ்திரி போட்டுச் சுவரில் கட்டுவார். படம் முடிந்ததும் யாரும் வாய் திறக்கக் கூடாது. நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அவரவர் கருத்தைப் பெயர் போடாமல் எழுதி, பேரீச்சம்பழ டப்பாவில் போட வேண்டும். டீ குடித்த பிறகு ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். கையில் எந்தக் கருத்து வருகிறதோ, அதற்காகத்தான் அன்று பேச வேண்டும். எல்லாச் சீட்டும் வாசித்து முடியும் வரை கட்சி மாறக் கூடாது.

"சொந்தக் கருத்துக்கு எல்லாரும்தான் சண்டை போடுவோம் சார். அடுத்தவங்க கருத்துக்குப் போட்டுப் பாருங்க, அப்ப தெரியும்" என்பார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அந்த ஜப்பான் அனிமேஷன் படத்தைப் போட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கட்சி கட்டுவீர்கள். கதை வேறொரு கிரகத்தில் நடக்கிறது. ஒரே ஒரு ஆறு. அது தொடங்கும் இடத்தில் ஒரு ராட்சதக் கதவு. அதை ஓர் இயந்திரம் நடத்துகிறது. தண்ணீர் குறையக் குறைய, கடைசியில் இருக்கும் குடியிருப்புகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீரை நிறுத்துகிறது. ஆகக் கடைசி ஊரிலிருந்து ஒரு பெண், தப்பிக்கும் கப்பலில் ஏறிவிடுகிறாள். கப்பல் கிளம்பும் நேரத்தில் இறங்கி, காய்ந்த வாய்க்கால் வழியாகக் கதவை நோக்கித் திரும்பி நடக்கிறாள். கதவு முன்னால் போய் நிற்கிறாள். அத்தோடு படம் முடிந்தது. அவள் எதற்குப் போனாள் என்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள்.

அன்று டீ முடிந்து சீட்டுகளை எடுத்தோம். என் சீட்டை நான் பிரிக்கவில்லை. ஹக்கீம் பாய் தம்முடையதை முதலில் வாசித்தார். "இது எங்க ஊர்க் கதை. ரெண்டு தடவை அழுதேன்."

நான் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கவில்லை. "யாருங்க இதை எழுதினது?" என்று எழுந்துவிட்டேன். அத்தனை பெரிய ஷட்டரை ஒரே மூச்சில் மூடினால் மேலே கரை உடையும், முறை வைத்துத்தான் மூட முடியும், தண்ணீர் எப்படி ஓடும் என்று தெரியாதவர்கள் எடுத்த படத்துக்குத் தெரியாதவர்கள் அழுகிறார்கள் என்று கால் மணி நேரம் கத்தினேன். தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் செல்வி என்ற பெண் அன்று இரண்டாவது முறையாக வந்திருந்தாள். ஊர் கடைமடைப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும், பல வருடம் சேராமலே போகும் ஊர்கள் அவை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு அவள் வரவில்லை. மற்றவர்களும் கலைந்தார்கள். பிரிக்காத சீட்டை வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் சொருகி வைத்தேன்.

அன்றிலிருந்து ஹக்கீம் பாய் என்னை விடவில்லை. கடைப் பக்கம் போனால் போதும். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஆரம்பிப்பார். "அந்தப் பொண்ணு திரும்பிப் போனதுதான் சரி சார். அழுதவங்க சரியாத்தான் அழுதிருக்காங்க." நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன். அவர் கணக்கை ஒத்துக்கொள்வார், என்னை ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தப் படத்தை இவ்வளவு தூரம் காதலிக்கும் ஒருவரோடு என்ன பேசுவது?

ஒருநாள் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "நீங்க மூடியிருக்கீங்களா சார்?"

மூடியிருக்கிறேன். மேட்டூரில் தண்ணீர் இல்லாத ஒரு வருடம், மேலே கருகும் பயிரைக் காப்பாற்றக் கடைமடைக்குப் போகும் மதகை என் கையெழுத்தில் மூடினேன். உத்தரவு மேலிருந்து வந்தது. கணக்கும் சரிதான். ஜனங்கள் மதகடியில் கூடுவார்கள் என்று தெரிந்து, அன்று ஜீப்பை வேறு வழியில் விடச் சொன்னேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. கோபத்தோடு எழுந்து வந்து, மூன்று வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

கடைசியாகப் பார்த்தபோது அவர் சண்டை போடவில்லை. "இன்னொரு தடவை பார்ப்போம் சார். செல்வியையும் கூப்பிடுறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அது வரும்."

"தப்பா எடுத்த படத்துக்கு நான் ஏன் பாய் மன்னிப்பு கேக்கணும்?"

"படத்துக்கு இல்ல சார்."

நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கான பதிலைத்தான் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள், ஏதோ பழைய குறிப்பைத் தேடி நோட்டை விரித்தேன். சொருகி வைத்த சீட்டு விழுந்தது. பிரித்தேன். மிக்ஸியில் ஒட்டியிருந்த அதே குண்டு எழுத்து.

"படம் சுமார். நடுவில் தூங்கிவிட்டேன். அந்தப் பெண் ஏன் திரும்பிப் போனாள்? தெரிந்தவர்கள் சொல்லவும்."

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! ஏழு மாதம்! பாதி படம் தூங்கிய மனிதர் என்னோடு ஏழு மாதம் மல்லுக்கு நின்றிருக்கிறார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகக் கத்தினேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் எடுத்தது செல்வியின் சீட்டு. எல்லாச் சீட்டும் வாசித்து முடியும் வரை கட்சி மாறக் கூடாது. நான்தான் முடியவிடாமல் கலைத்தேன். எழுதியவள் எழுந்து போய்விட்டாள், அவளுக்காகப் பேச எங்கள் கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம். சாகும் வரை அவர் கட்சி மாறவில்லை.

செல்வியின் எண்ணை அவர் மகனிடம் வாங்கினேன். "அன்னைக்கு நான் கத்தினது தப்பும்மா" என்றேன். அவள் கேட்டாள்: "அந்தச் சீட்டு என்னோடதுன்னு பாய் சொன்னாங்களா சார்?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் அவர் சொல்லலை."

சென்ற ஞாயிறு மதியம் அதே அறையில் அதே படத்தைப் போட்டோம். வேட்டியை அவர் மகன் கட்டினார், இஸ்திரி போடாமல், மடிப்புக் கோடுகளோடு. இரண்டாம் முறை பார்த்தும் எனக்குப் படம் பிடிக்கவில்லை. டீ முடிந்ததும் மற்றவர்கள் புதுச் சீட்டுகளை எடுத்து வாசித்தார்கள்; கடைசியாக நான் பாயின் சீட்டைப் பிரித்து வாசித்தேன். தூங்கினேன் என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், செல்வியும். விதிப்படி அவருக்காக நான் பேச வேண்டும். அவருக்கு இருந்தது கேள்வி மட்டும்தான். அதைக் கேட்டேன். "அந்தப் பொண்ணு ஏன் திரும்பிப் போச்சு?"

ஒருவர் கதவைத் திறக்க என்றார். இன்னொருவர் சாக என்றார். செல்வி கடைசியாகச் சொன்னாள்: "தண்ணி வராதுன்னு அதுக்கும் தெரியும் சார். மூடினது யாருன்னு ஒரு தடவை முகத்தைப் பாத்துடணும்னு போச்சு. எங்க அப்பா அப்படித்தான் மதகுல போயி ரெண்டு நாள் நின்னாங்க. யாரும் வரலை."

அது எந்த வருடம் என்று கேட்டேன். சொன்னாள். "நான்தான்மா மூடினேன்" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை நான் எழுந்து போகவில்லை.

ஹக்கீம் பாய், உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சொல்லத்தான் நீங்கள் இல்லை. படம் சுமார்தான், அதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அதை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சீட்டுகள் எல்லாம் வாசித்து முடித்துவிட்டோம், பாய். இனி நீங்கள் கட்சி மாறிக்கொள்ளலாம்.