விராலுக்கு இரை

குடலில் ஒப்பரேஷன் முடிந்து அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது ஆள் பாதியாகிப் போயிருந்தார். எதைக் கொடுத்தாலும் வாந்தி. விரால் மீன் சாறு மட்டும்தான் வயிற்றில் தங்கியது. கண்டி மார்க்கெட்டில் விரால் வரும் நாளுக்குக் காத்திருந்தால் அவரை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். பன்வில பக்கம் வீட்டை ஒட்டிய எங்கள் காணியின் மூலையில் ஊற்றுத் தண்ணீர் நிற்கும் சின்னக் குளம் ஒன்று உண்டு. அதில் சாண் நீள விரால்களாகப் பார்த்து இருபது வாங்கி விட்டேன்.

பிறகுதான் இரைப் பிரச்சினை. அப்பாவின் பழைய சிநேகிதரான மீன் கடை நாநா வீட்டுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"விரால் செத்த இரைய தொடாது மகள். உசிரோட ஓடுற பொடி மீன் வேணும். கான் தண்ணில கெடக்கிற கப்பி மீனு, அதுக்கு பல்லு குத்தவும் காணாது. ஆத்துக் கெண்ட நிக்கிற தண்ணில பெருகாது. திலாப்பியா விடுங்க. குஞ்சு போட்டுக்கிட்டே இருக்கும். தெல்தெனிய டேம்ல வேண்டிய மட்டும் அள்ளலாம்."

அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"டேம் மீனு வேணாம். அந்தத் தண்ணிக்கு அடியிலதான் இவ அம்மா கெடக்கா. அங்க மேஞ்ச மீனு என் கொளத்துக்கு வரக்கூடாது."

பழைய தெல்தெனியவில்தான் எங்கள் கடை இருந்தது. அம்மாவைப் புதைத்ததும் அங்கேதான். விக்டோரியா டேம் கட்டி நீர்த்தேக்கம் நிரம்பியபோது கடையும் மயானமும் சேர்ந்து முழுகின. அன்றிலிருந்து அப்பா அந்த நீரில் பிடித்த மீனைத் தொட்டதில்லை. எங்களையும் தொடவிட்டதில்லை.

அப்பாவின் பேச்சை மீறாமல் ஆற்றுக் கெண்டையையே வாங்கி விட்டேன். இரண்டு மாதத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. விரால்கள் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்தன. வாலில்லாத ஒன்று கரையோரம் செத்து மிதந்தது. வீட்டுக்குள்ளே அப்பாவின் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தவளுக்காக இருக்கிறவர் சாகவேண்டுமா? ஒரு சனிக்கிழமை தெல்தெனியவுக்குப் போய், வலை போடுகிற ஒருவரிடம் இரண்டு கேன் திலாப்பியாக் குஞ்சு வாங்கி பஸ்ஸில் கொண்டு வந்தேன். கேன் தண்ணீர் தளும்பிக் கால் முழுக்க நனைந்தது. பன்விலயில் ஒருவருடைய குளத்து மீன் என்று அப்பாவிடம் சொன்னேன். நம்பினார்.

திலாப்பியா பெருகியது. விரால் கொழுத்தது. வாரத்துக்கு ஒன்று பிடித்து ஆக்கினேன். அப்பா எழுந்து உட்கார்ந்தார், பிறகு கம்பை ஊன்றிக் குளம்வரை நடந்தார். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வலைக்காரர் ஒரு நாள் மீன் விற்றுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். என்னைக் கண்டதும், டேம் மீன் குஞ்சு இன்னும் ஒரு கேன் வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். கடை வைத்திருந்தவருக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு.

வலைக்காரர் போனதும் அப்பா என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எத்தன தடவ தின்னேன்?"

"பத்துப் பன்னெண்டு தடவ இருக்கும்பா."

"தலையக்கூட உறிஞ்சித் தின்னேனே புள்ள."

திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் திட்டவில்லை. அன்றிலிருந்து எதைக் கொண்டு போனாலும், "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். சோறு, மருந்து, வாழைப்பழம், எல்லாவற்றுக்கும். கடைப் பெயரைச் சொல்வேன். தட்டை அப்படியே தள்ளி வைப்பார். மறுபடி படுத்துவிட்டார். உள்ளே நோய் முற்றிவிட்டது, நீங்கள் காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். சொன்னால் ஆகிவிடுமா?

ஆள் மோசமானதும் கொழும்பிலிருந்து அண்ணன் வந்தான். கடைசி நாள் காலையில் அப்பாவின் உதடு வெடித்துக் கிடந்தது. கரண்டியில் தண்ணீரை வாயருகே கொண்டுபோனேன். கண்ணாலேயே கேட்டார்.

"நம்ம ஊத்துத் தண்ணிப்பா. இப்பதான் மொண்டேன்."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அவன் தலையாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.