சிவப்பு மூடி

என் மூக்குக்கண்ணாடி டப்பாவுக்குள் ஒரு சிவப்பு மூடி கிடக்கிறது. இன்சுலின் ஊசியின் முனையில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் மூடி, சுண்டு விரலில் பாதி இருக்கும். கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் உருண்டு வந்து விரலில் இடிக்கும். என் மனைவி அதை எத்தனையோ முறை தூக்கி எறியப் பார்த்தாள். "குப்பையப் போயி தங்கக் காசு கணக்கா வெச்சிக்கினு கீறியே" என்பாள். அந்த மூடியைப் பார்த்தால் எனக்கு ஒரு ஆஸ்பத்திரி சிஸ்டரின் முகம் தெரிகிறது என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான் அது இன்னும் டப்பாவுக்குள் இருக்கிறது.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். கணக்கு வாத்தியார் என்னைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி வைத்து, வகுப்பே சிரித்த ஒரு நாளுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. படிப்பு நின்றதே தவிர பயம் நிற்கவில்லை. தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, வேலைக்குப் போக பெங்களூர் ரயிலைப் பிடிக்க நடப்பேன். பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். யாராவது எதையாவது விளக்கிச் சொன்னால், புரிந்ததோ இல்லையோ "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டி நழுவிவிடுவேன். இத்தனை வருடம் இந்த "சரிங்க"வை வைத்துத்தான் பிழைத்தேன்.

மனைவிக்குக் காலில் புண் வந்து ஆறாமல் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. வீட்டுக்குப் போனாலும் தினமும் காலையில் இன்சுலின் போட வேண்டும் என்றார் டாக்டர். அவளுக்குக் கண் மங்கல், ஊசியில் இருக்கும் கோடுகள் தெரியாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆக, போட வேண்டியவன் நான். "இன்னாய்யா இது, பூட்டயே மூணு வாட்டி இழுத்துப் பாக்கற ஆளு, இவரு ஊசி போட்டு நான் பொழைக்கணுமா?" என்று அவள் சொன்னதற்கு வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அளவு கூடினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, மயக்கம் வந்து, உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

எனக்குக் கற்றுக்கொடுக்க வந்த சிஸ்டருக்கு முப்பது வயதிருக்கும். என்னைவிட இருபது வயது சின்னவர். ஒரு சாத்துக்குடியையும் உப்புத் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்து வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் மருந்தை இழுப்பது, தோலை மடித்துப் பிடிப்பது, குத்துவது எல்லாம் காட்டினார். நான் அந்தச் சாத்துக்குடியை நாள் முழுக்கக் குத்தினேன். "அதுக்கு சுகரே இருக்காது இனிமே" என்றாள் மனைவி. எல்லாம் முடிந்து, புரிந்ததா என்று சிஸ்டர் கேட்டபோது நான் வழக்கம்போல "சரிங்க சிஸ்டர்" என்றேன்.

"சரின்னு சொல்லாதீங்கண்ணா. நான் இன்னா சொன்னேன்னு சொல்லுங்க."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுபடியும் கரும்பலகை. சிஸ்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும். கட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, "எங்கப்பா ஷாஃப்ட்ல மணி அடிக்கிறவரு" என்று ஆரம்பித்தார். சுரங்கத்துக் கீழே இருந்து எத்தனை மணி வருகிறதோ, அத்தனையையும் மேலே இருந்து அப்படியே திருப்பி அடிக்க வேண்டும். அடித்த பிறகுதான் கேஜ், ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு, நகரும். ஒரு மணி பிசகினாலும் கேஜ் நின்ற இடத்திலேயே நிற்கும். "அது பரீச்சை இல்லண்ணா. கேஜ்ல நிக்கிறவங்க உசுரு. இங்க கேஜ்ல நிக்கறது அக்கா." என் அப்பாவும் அந்தக் கேஜில் இறங்கி ஏறியவர்தான். அவர் ஒவ்வொரு ஷிஃப்டும் வீடு திரும்பியதற்குப் பின்னால் யாரோ ஒருவர் மணியைத் திருப்பி அடித்திருக்கிறார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

திருப்பிச் சொல்ல வேண்டியது மூன்று. பாட்டிலில் என்ன எண், ஊசியில் என்ன எண், எந்தக் கோடு வரை. பாட்டில் எண்ணும் ஊசி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். நான் ஒருவரிடம் ஏன் என்று கேட்டதே அபூர்வம். "லைட் டீயும் ஒரு கிளாஸ்தான், ஸ்ட்ராங் டீயும் ஒரு கிளாஸ்தான். உள்ள தூள் எவ்ளோன்றது வேற இல்லியா? நாப்பதுன்னா லைட்டு, நூறுன்னா ஸ்ட்ராங்கு. ஒவ்வொண்ணுக்கும் அதுக்குன்னு கோடு போட்ட ஊசி. இதுக்கு அத மாத்தினா கோடு பொய் சொல்லும்." வார்டில் எல்லாம் நாற்பதுதான், சிவப்பு மூடி ஊசிதான். "நாப்பது, நாப்பது, இருபது" என்று ஒரு வாரம் அதையே சொல்லி அதையே போட்டேன்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளன்று, டாக்டர் எழுதிக்கொடுத்த புது மருந்தை வெளிக்கடையில் வாங்கி வந்தேன். சிஸ்டர் விடியலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து ஒரு ஊசியை எடுத்து மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "அதே இருபதுதாண்ணா, நீங்களே போடுங்க. முதல்ல சொல்லுங்க" என்றார். நான் படித்தேன். "பாட்டில் நூறு. ஊசி நாப்பது. இருபது..." மறுபடியும் பாட்டிலைப் பார்த்தேன். நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். எதிரில் இருப்பவர் படித்தவர், வெள்ளை உடை போட்டவர். "சரிங்க" என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. மனைவி சேலையை விலக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"சிஸ்டர், மணி தப்பா வருது" என்றேன்.

அவர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என் கையிலிருந்த ஊசியை மெதுவாக எடுத்துவிட்டு, ஒரு சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த ஊசியில் இருபது கோடு என்றால் அரை மில்லி. லைட் மருந்தில் அரை மில்லிக்கு இருபது. ஸ்ட்ராங் மருந்தில் அதே அரை மில்லிக்கு ஐம்பது. ஒரு கணக்கு எனக்கு முழுசாகப் புரிந்தது வாழ்க்கையில் அன்றுதான். புரிந்தவுடன் மனைவியின் சேலையை இழுத்து வயிற்றை மூடினேன்.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்றுவரை நம்ப முடியாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து நின்று, மற்ற சிஸ்டர்களையும் கூப்பிட்டு, அத்தனை கட்டில்காரர்களும் கேட்கும்படி, "நூறு மருந்துக்கு நாப்பது ஊசி எடுத்துக் குடுத்துட்டேன். அண்ணன் நிறுத்திட்டாரு" என்றார். நோட்டில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு பெட்டி உடைந்தாலே, அது உடைத்தவன் பெயரைத் தவிர எல்லார் பெயரிலும் சுற்றும். இந்தப் பெண்ணோ அசையாமல் நின்று தன் பெயரிலேயே சொன்னார். மலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு மூடி போட்ட ஊசியைத் தேடிக் கொண்டுவந்து, "மறுபடியும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். நூறு, நூறு, இருபது. அதன் பிறகுதான் போடவிட்டார். கிளம்பும்போது, எனக்குப் பயம் போகவே போகாதா சிஸ்டர் என்று கேட்டேன். "பயப்படுங்கண்ணா. ஆனா வாயத் தொறந்து பயப்படுங்க" என்றார். வெளியே வந்து பார்த்தால் என் சட்டைப் பையில் அந்தச் சிவப்பு மூடி. எப்போது போட்டேன் என்று தெரியவில்லை.

அந்த சிஸ்டர் இப்போது அங்கே இல்லை. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்றார்கள். ரயிலில் வெள்ளை உடையைக் கண்டால் எட்டிப் பார்க்கிறேன்.

இன்று காலையும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. டப்பாவைத் திறந்தேன், மூடி உருண்டது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். "பாட்டில் நூறு. ஊசி நூறு. இருபது கோடு." மனைவி தூக்கக் கலக்கத்தில், "சரி சரி, போடு" என்றாள்.

"சரின்னு சொல்லாத. நான் இன்னா சொன்னேன்னு சொல்லு."

"ரயிலு போவப் போவுது, இவரு வேற மணி அடிச்சிக்கினு..." என்று முனகினாள். நான் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் ரயிலின் ஹாரன் கேட்டது. அவள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நூறு. நூறு. இருபது" என்றாள்.

ஊசி நகர்ந்தது.