சிவப்பு வில்லை

ஏழு நிமிடம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மலைகள் சூழ்ந்த மசேரு நகரில், ஜீன்ஸ் தைக்கும் எங்கள் தொழிற்சாலையில், சிகரெட் பிடிக்கிறவனுக்குக் காலையில் ஏழு நிமிடம் வெளியே போக அனுமதி உண்டு. சூப்பர்வைசர் ரமைலியிடம் சிவப்புத் தகர வில்லையைக் காட்டினால் பின்கதவு திறக்கும். பிடிக்காதவர்களுக்கு வில்லை கிடையாது. பெண்கள் மூக்குப்பொடி போடுகிறவர்கள். அதை மெஷினில் உட்கார்ந்தே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

துணி வெட்டும் தேஃபோ இருமி இருமி, கடைசியில் சிகரெட்டை விட்டான். சர்ச் சபையில் எழுந்து சாட்சி சொல்லிப் பழகியவன். அதேபோல எல்லோரும் பார்க்க வில்லையை ரமைலியிடம் திருப்பிக் கொடுத்தான். கைதட்டினார்கள். அங்கேதான் தப்பு செய்தான்.

மறுநாள் அவனுக்குக் கை நடுங்கியது. கையில் வெட்டும் மெஷின்.

"ஐயா, வெளிய போய்க் கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வர்றேன்."

"வில்லை எங்கடா?"

"உங்க பையிலதான் இருக்கு."

"அப்ப வெளிய என்ன வேலை? மலையைப் பாக்கவா?"

"ஆமாய்யா. ஆசை வந்தா நாலடி நட, தண்ணி குடி, தானா அடங்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"நர்ஸம்மாவா சம்பளம் தர்றாங்க? பழையபடி பிடி, வில்லை தர்றேன்."

கேட்டீர்களா? நெஞ்சைக் கெடுத்துக்கொள்ள நேரம் தருவார்களாம். காப்பாற்றிக்கொள்ளக் கேட்டால் கதவு பூட்டு.

மதியத்துக்குள் கத்தி குறித்த கோட்டிலிருந்து விலகி, ஓர் அடுக்குத் துணி வீணானது. விரல் தப்பியது அதிர்ஷ்டம். தேஃபோ, தையல் வரிசை லினேயோவிடம் போனான்.

"அக்கா, ஒரு சிகரெட் வாங்கிக் குடு. அந்தக் கதவாவது திறக்கும்."

"கதவுதானே வேணும்? அதை நான் பாத்துக்கிறேன். நீ வாயை மூடிட்டு இரு. முக்கியமா சிகரெட்டுக்கு."

மறுநாள் காலை லினேயோ, எங்கள் ஊர்ப் பெண்கள் போர்த்தும் போர்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு ரமைலியின் மேசை முன் நின்றாள்.

"எனக்கு ஒரு வில்லை."

"நீ எப்பலேருந்து பிடிக்கிற?"

"நேத்துலேருந்து."

"பொய்."

"வேணும்னா ஊதிக் காட்டட்டுமா?"

பின்னாலிருந்து ஒரு கிழவி: "எனக்கும் ஒண்ணு தம்பி. எம் புருஷனைவிட எனக்குப் புகைதான் உசிரு."

சிரிப்பில் தையல் மெஷின்கள் நின்றன. தைத்துக்கொண்டிருந்த பெண்களும் எழுந்து வந்தார்கள். ரமைலி பையைக் கவிழ்த்தார். தேஃபோவுடையதையும் சேர்த்து நாலைந்து வில்லைதான் விழுந்தது. வரிசையோ வளர்ந்துகொண்டே போனது. கடைசியில், வில்லையைப் பற்றிப் பேசாமல், அவரே போய்ப் பின்கதவைத் திறந்தார். அன்றிலிருந்து அது காலையில் ஏழு நிமிடம் எல்லோருக்கும் திறக்கிறது.

தேஃபோ வெளியே போய்த் தண்ணீர் குடித்தான், மலையைப் பார்த்தான், திரும்பி வந்து கோடு தவறாமல் வெட்டினான்.

அன்று வில்லை கேட்டு நின்ற பெண்கள்: அறுபத்து நான்கு பேர்.