கூறு போட்ட பத்து மாத்திரைகள்

செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கைத் திறந்ததும் தொலைபேசி அடித்தது. மீன் விற்கும் கன்னியம்மா அக்காவின் மருமகள் செல்வி பேசினாள். "டாக்டரம்மா, அத்தை பூட்டாங்க." கேளம்பாக்கத்தில் தாம்பரம் வரும் முதல் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடையருகிலேயே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. வெளியே காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளினிக்கைப் பூட்டினேன்.

தாம்பரத்தில் ரயிலடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெருவோரத்தில் ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் விற்பார்கள். அந்த வரிசையில் முதலாவதாக உட்கார்ந்தவர் கன்னியம்மா அக்கா. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் முதல்முறை வந்தார். ஊரெல்லாம் என்னை 'நீங்க' என்று சொல்ல, அவர் ஒருவர்தான் வந்த அன்றே 'நீ' என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது.

"நீர்க்கடுப்பு டாக்டரம்மா. வெயில்ல குந்திகினு கீறமே, சூடு" என்றார். சொட்டுச் சொட்டாகப் போகிறது, எரிகிறது, அடிவயிறு வலிக்கிறது என்றார். சூடு இல்லை, சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று என்று சொல்லி, பரிசோதனை செய்து, காலையும் இரவுமாக ஐந்து நாளைக்குப் பத்து மாத்திரை எழுதினேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். மூன்றே வாரத்தில் அதே எரிச்சலோடு திரும்பி வந்தார். மறுபடி பத்து மாத்திரை கொடுத்தேன். மறுபடியும் வந்தார். எனக்குக் கோபம் மூக்கின் மேல்.

"மாத்திரை முழுசா சாப்பிட்டீங்களா, இல்லையா?"

"சாப்ட்டனே. ரெண்டு."

"மிச்சம் எட்டு?"

"எங்க அஞ்சு பேருக்கும்தான் எரிச்சல் கீது. நான் மட்டும் முழுங்கிட்டு குந்திகினு இருந்தா நல்லாவா கீது? கூறு போட்டேன். ஆளுக்கு ரெண்டு."

சங்கராவையும் நெத்திலியையும் கூறு போட்டு வைத்த கை, என் மாத்திரையையும் அப்படியே பிரித்திருக்கிறது. நான் வைத வசவுக்கு அவர் அசையவில்லை. எழுந்து நின்று நிதானமாகச் சொன்னார். "தண்ணி குடி, தண்ணி குடின்றியே. குடிச்சிட்டு எங்க போவறது? அத்த சொல்லலியே நீ."

அந்தத் தெருவில் பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. விடியுமுன் வீட்டில் போனால், வியாபாரம் முடிந்து மாலையில் வீடு திரும்பிய பிறகுதான். அதனால் அந்த ஐவரும் பகல் முழுக்கத் தண்ணீரையே தொடுவதில்லை. அந்த வழியாகத்தான் நான் தினமும் நடக்கிறேன். அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை. டாக்டர் படிப்பில் எனக்கு இருந்த கர்வம் அன்றைக்கு இறங்கியது.

இறங்கி என்ன பயன், கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ஐவரில் ஒருத்தி செல்வி. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போய், அப்போது இரண்டாவது பிள்ளைக்கு ஆறு மாதம். இரண்டு மாத்திரையில் எரிச்சல் அடங்கியதும் குணமாகிவிட்டது என்று இருந்திருக்கிறாள். அக்கா என்னிடம் வந்துபோன அடுத்த நாளே அவளுக்குக் குளிர்க் காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. வயிறும் இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியது. கர்ப்பிணிக்கு இது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத நிலை என்பதால் நானே ஆட்டோ பிடித்து அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஊசி வழியாக மருந்து ஏறியது.

வராந்தாவில் கன்னியம்மா அக்கா என் கையைப் பிடித்தார். "நான் குடுத்த மாத்திரையாலயா டாக்டரம்மா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "குடுத்த ரெண்டால மட்டும் இல்லக்கா. மிச்சம் எட்டு இல்லாததாலயும்தான். மாசமா இருக்கறவளுக்கு வேற மாத்திரை குடுத்திருப்பேன். ஆனா உங்களை ஒரு வார்த்தை விசாரிக்காம எழுதினது என் தப்பு" என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. குழந்தை தங்கியது. மாதம் நிறைந்து பெண் பிறந்தாள்.

செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரமே அக்கா எதிர்ச்சாரிப் பாத்திரக்கடைக்குப் போனார். அந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடைக்காரர் குடும்பத்து வயல். கடைக்காரரை விட்டுவிட்டு அவர் மனைவியிடம் நேராகக் கேட்டார்: "பின்னால கீற கக்கூஸ் சாவிய குடும்மா. பொம்பள கஷ்டம் உனக்குத் தெரியும். நாங்களே கழுவி வெச்சிக்கறோம்." அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

சாவியை வலை நூலில் கட்டித் தன் குடைக் கம்பியில் மாட்டினார். கூடவே சட்டமும் போட்டார். சாவியைத் திருப்பி மாட்டுகிறவள் அங்கேயே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். வந்தால் அடக்கக் கூடாது. யாருக்காவது எரிச்சல் என்றால் அன்றைக்கே என்னிடம் அனுப்புவார். மருந்து முடிந்ததும் காலி அட்டையை அவரிடம் காட்டியாக வேண்டும். "கூறு மீனுக்குத்தான். மாத்திரைக்கு இல்ல" என்பார். அதற்குப் பிறகு அந்த வரிசையிலிருந்து என்னிடம் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவரைச் சீண்டுவேன்.

போன வாரம் அவருக்கே அந்த எரிச்சல் திரும்ப வந்தது. சர்க்கரையும் இருந்ததால் பத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிடச் சொல்லி அனுப்பினேன். "எனக்கே சொல்றியா நீ?" என்று சிரித்துக்கொண்டே போனார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

கடலோரத்தில் அவர் வீட்டு வாசலில், வரிசையின் மற்றப் பெண்களும் பாத்திரக்கடை அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். பேத்தி பள்ளிச் சீருடையோடு, கிடத்தியிருந்த அக்காவின் கால்மாட்டில் நின்றாள். செல்வி உள்ளே போய் அத்தையின் சுருக்குப்பையை எடுத்துவந்து, அதிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை என் கையில் வைத்தாள். "நேத்து ராத்திரியோட முடிச்சாங்க. இன்னிக்கு வியாபாரம் முடிச்சிட்டு உங்ககிட்ட காட்டணும்னு எடுத்து வெச்சிகினாங்க."

பார்த்துவிட்டேன் அக்கா. பத்தும் காலி. போய் வாருங்கள்.