நான் இல்லாத ஒப்பந்தம்

நான் ஒரு விமானி. புதிய ஒப்பந்தத்தில் எங்கள் ஓய்வு நேரத்தைக் குறைத்ததை முதலில் எதிர்த்துப் பேசியவள் நான்தான். நிர்வாகம் என்னை வேலையை விட்டு நீக்கியது. மற்ற விமானிகளும் கையெழுத்துப் போட மறுத்து, எங்கள் கேப்டன் மூலம் நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில், சந்தவாசலில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேப்டன், சக விமானிகள் சிலரோடு வேனில் வந்து இறங்கினார். விமானத்தில் வேலையைத் தவிர என்னோடு வேறு பேச்சே வைத்துக்கொள்ளாத மனிதர்.

அம்மா பதறிப்போனாள். "இன்னாடி, இத்தினி பேரு வர்றாங்கன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றபடி உலை வைக்க ஓடினாள்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நிர்வாகத்திடமிருந்து கேப்டனுக்கு அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஓய்வு நேரத்தைப் பழையபடியே தருகிறோம், ஆனால் அந்தப் பெண்ணை மட்டும் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள்.

நான் தலை குனிந்தபடி, "ஒத்துக்கோங்க சார்" என்றேன்.

கேப்டன் என் பக்கம் திரும்பவே இல்லை. "அவங்க இல்லாம நாங்க யாரும் கையெழுத்துப் போட மாட்டோம். இப்ப அவங்க வீட்லதான் சாப்பிட்டுட்டு இருக்கோம்" என்று சொல்லி போனை வைத்தார். பிறகு அம்மாவிடம், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்கம்மா" என்றார்.

அந்த வாரமே என்னைத் திரும்ப அழைத்தார்கள். ஆனாலும் வேலை கிடைத்த நாளைவிட, நானே சொல்லியும் என்னை விட்டுக்கொடுக்க ஒருவரும் நினைக்காத அந்த மதியம்தான் எனக்குப் பெரிது.